எங்கும் வதிவிடமாகக் கொண்டவன்

புதுக்குடியிருப்புச் சந்தியில் தொங்கும் பிறந்தநாள் பனரைத் தயாபரன் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்கிறான் என்று மரக்கறிக்கடைக்காரி வந்து சொன்னதும் ஜெயரூபி ஓடிக்கொண்டிருந்த அச்சு மெசினை நிறுத்தினாள். அவள் பனர் அடிக்கிற கடை வைத்திருப்பவள். அந்தச் சந்தியில் தொங்கும் பனர்களில் முக்கால்வாசி அவள் கடையில் அடித்தவைதான். அதை யாராவது போட்டோ எடுத்தால் அவள் சந்தோசப்பட வேண்டும். ஆனால் தயாபரன் எடுக்கிற போட்டோவைப் பார்த்து இந்த ஊரில் சந்தோசப்பட்டவர்கள் கிடையாது.

தயாபரனுக்குச் சுமுகத்தில் வேலை. முழுப்பெயர் 'சகல இடங்களுக்குமான சுமுகநிலை உறுதிப்படுத்தல் காரியாலயம்'. அதைச் சொல்லி முடிக்கும் முன்னமே தொண்டை வறண்டுவிடும் என்பதால் சனம் சுருக்கிச் சுமுகம் என்று கூப்பிட்டது. சண்டை முடிந்த பிறகு சனத்துக்குள் சுமுகம் நிலவுகிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்த கந்தோர் அது. பார்ப்பதென்றால் அப்படி இப்படிப் பார்ப்பதில்லை. நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளாகச் சுமுகத்து ஆள் நிற்பான். கலியாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்குப் பின்னால் நிற்பான். செத்த வீட்டில் பிரேதத்தின் தலைமாட்டில் நிற்பான். முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் தவளைப் பாய்ச்சலுக்குக் குந்தியிருக்கும் பிள்ளைகளிடம் குனிந்து, பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, அப்பா இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பான்.

சனமும் பழகிவிட்டது. வீட்டில் விசேசமென்றால் சுமுகத்துக்கென்று ஒரு சாப்பாடு கூடச் சமைப்பார்கள். பெண்பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டுக்கு மட்டும் ஒருவரும் வராமல் விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் பயந்துபோய்ச் சோற்றைப் பார்சல் கட்டிக்கொண்டு கந்தோருக்கே ஓடினார்கள். "நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள், ஏன் எங்களைப் பாக்க வரேல்லை?" என்று பெண்பிள்ளையின் தாய் அங்கே நின்று அழுதாளாம். அழ வேண்டாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்களாம்.

தயாபரன் மோட்டர்சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தான்.

"என்னக்கா, சுகமோ? யதுர்ஷிகா நேற்றுக் கணக்குப் பாடத்தில அழுததாம். கொஞ்சம் இருத்திச் சொல்லிக் குடுங்கோ."

மகள் அழுதது ஜெயரூபிக்கே அப்போதுதான் தெரியும். "ஓம் தம்பி," என்றாள்.

"அத்தான் கட்டாரிலதானே? ரண்டு நாளா போன் எடுக்கேல்லைப் போல."

"ஓம் தம்பி."

"அது கிடக்கட்டும். சந்தியில ஒரு பனர் தொங்குது. சுமன் எண்டு ஆரோ பொடியன்ர பிறந்தநாள். ஆர் அடிக்கத் தந்தது?"

ஜெயரூபி மேசையில் கிடந்த பில் புத்தகத்தை மூடினாள். பெயரைச் சொன்னால் ஒரு கிழவியை இவன் கையில் பிடித்துக் கொடுத்தது போலாகும். சொல்லாவிட்டால் தன் கழுத்து. "ஆரோ வந்து தந்தவை தம்பி. முகம் நினைவில்லை," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பொய் சொன்னது உறைத்தது.

"பறவாயில்லை. பயப்பிடாதேங்கோ. நாளைக்கு ஒருக்கா கந்தோருக்கு வாங்கோ. சும்மா ஒரு கதை."

சும்மா ஒரு கதை என்று கூப்பிடப்பட்டவர்களின் கதை வன்னியில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. ஜெயரூபி அன்று கடையை நேரத்தோடு பூட்டினாள். மகளைக் கூப்பிட்டு, "நாளைக்கு அம்மா வரப் பிந்தினால் பளைக்குப் பஸ் ஏறிச் சின்னம்மா வீட்டை போ," என்று சொன்னாள். ஏன் என்று பிள்ளை கேட்டதற்குக் கணக்குப் படி என்று ஏசினாள்.

அந்தப் பனர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஜெயரூபியின் கணினியில் இரண்டு ஆயத்த அச்சுகள் இருந்தன. ஒன்று பலூன் போட்டது, பிறந்தநாளுக்கு. மற்றது குத்துவிளக்குப் போட்டது, கண்ணீர் அஞ்சலிக்கு. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் வானொலியிலும் பேப்பரிலும் பனரிலும் முதல் வரி ஒன்றுதான்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். ஊர் ஊராய் இடம்பெயர்ந்தவர்களுக்கு வதிவிடம் நாலைந்து வரும். கொண்டாவில், விசுவமடு, ரொறன்ரோ என்று வாசிக்கும்போது செத்தவருக்கே ஒரு பெருமை வந்துவிடும்.

பேச்சியம்மா விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி வந்தாள். மலையகத்திலிருந்து கலவரத்துக்கு ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் கச்சான் பயிரிட்ட குடும்பங்களில் ஒன்று அவளுடையது. ஒரே மகன் சுமன். சண்டையின் கடைசியில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று பஸ்ஸில் ஏற்றியவர்கள் இன்றுவரை விடவில்லை. வருசா வருசம் அவன் பிறந்தநாளுக்குப் பாயாசம் காய்ச்சுவாள். இந்த வருசம் பனர் கட்ட ஆசைப்பட்டாள். அடையாள அட்டைப் படத்தைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

ஜெயரூபி பலூன் அச்சைத் திறந்து, படத்தை வைத்து, வாழ்த்தும் போட்டுக் காட்டினாள்.

"நல்லாருக்கு புள்ள. ரேடியோவுல ஒண்ணு சொல்வாங்களே, பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்னு. கேக்கவே கௌரவமா இருக்கும். அதையும் போட்டுரு."

அது செத்தவர்களுக்குப் போடுகிற வரி அம்மா என்று சொல்ல ஜெயரூபிக்கு வாய் வரவில்லை. யாருக்குத்தான் வரும்? பிறப்பிடம் விசுவமடு என்று அடித்துவிட்டு, "வதிவிடம் என்ன போடுறதம்மா?" என்று கேட்டாள்.

பேச்சியம்மா சேலைத் தலைப்பை மறுபடி முடிந்துகொண்டாள். "எங்கன்னு சொல்றது? தெக்க ஒரு ஜெயில்லன்னாங்க. போனேன். காட்டுக்குள்ள கேம்புன்னாங்க. அங்கிட்டும் போனேன். கப்பல்ல இருக்கான்னு ஒரு சாத்திரி சொன்னான். பஸ்ஸுல எவன் ஏறுனாலும் அவன் மாதிரித்தான் இருக்கு. எந்த எடத்தைப் போட்டா மத்த எடம் கோவிச்சுக்குமோ. எங்கயும் இருக்கான்னு போடு புள்ள."

அப்படித்தான் அந்த வரி வந்தது. 'விசுவமடுவைப் பிறப்பிடமாகவும், எங்கும் நிறைந்து எவ்விடத்தையும் வதிவிடமாகவும் கொண்ட செல்வன் சுமனுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.' சுற்றிவரப் பலூன்.

சுமுகத்தின் பணிப்பாளர் நல்ல மனுசர். குரல் உயர்த்த மாட்டார். எல்லாவற்றையும் அரசாங்க வர்த்தமானியில் வருகிற தமிழில்தான் பேசுவார். தேத்தண்ணி வேண்டுமென்றால்கூட 'தேநீர் வழங்க நடவடிக்கை எடுக்கவும்' என்பார்.

"அமருங்கள் அம்மணி. அஞ்ச வேண்டாம். அஞ்சுவோர் தொடர்பான புள்ளிவிபரங்களை நாம் தனியாகப் பேணி வருகிறோம். அது கூடினால் எமக்கு மேலிடத்தில் கேள்வி வரும்."

ஜெயரூபி அஞ்சாதவள் போல் இருக்கப் பார்த்தாள்.

"இந்தச் சுமன் என்பவர் எங்கும் நிறைந்தவர் எனப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டுள்ளார். ஒரு நபர் ஓரிடத்தில் இருக்கலாம். அது அவரது உரிமை. ஈரிடங்களில் இருந்தால் நாம் அவதானிப்போம். மூன்றிடங்களில் இருந்தால் அறிக்கை அனுப்புவோம். எங்கும் இருப்பதென்றால், அம்மணி, அது எமது காரியாலயத்தின் பதவி. அந்தப் பதவிக்கு விண்ணப்பம் எதுவும் கோரப்படவில்லை."

"சேர், அது கடவுளுக்குச் சொல்லுற சொல்லு. ஒரு பாசத்தில போட்டது."

பணிப்பாளர் முன்னால் சாய்ந்தார். "கடவுளுக்கும் சொல்கிறார்களா? எத்தனை நாளாக?"

இப்படி ஒரு வாய் தவறினால் போதும். அடுத்த நாள் பிள்ளையார் கோயில் ஐயர் சுமுகத்து மர வாங்கில் குந்தியிருந்தார். எங்கும் நிறைந்தவன் என்று பூசையில் சொல்வது உண்மையா, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெறப்பட்டதா என்று அவரை விசாரித்தார்கள். பயந்துபோன ஐயர் அன்று பின்னேரப் பூசையில் 'அனுமதிக்கப்பட்ட இடங்களில் நிறைந்த' என்று பிள்ளையாரை வாழ்த்தினார். பிள்ளையார் மூச்சுக் காட்டவில்லை. அவருக்கும் அடுத்த மாதத் தேருக்கு அனுமதி எடுக்க வேண்டும்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. விசாரணை முடியும்வரை 'எங்கும்' என்ற சொல்லை ஒருவரும் பாவிக்கக் கூடாது. 'எங்கும் எப்போதும் சிக்னல்' என்று போன் கொம்பனிக்காரன் ஒட்டிய பலகையைக் கழற்றினார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்றால்கூடச் சிக்னல் வராது என்பதால் அதில் சனத்துக்குச் சந்தோசம்தான். 'எங்கும் நீர் தேங்க விடாதீர்' என்ற டெங்கு அறிவித்தலில் ஒரு சொல்லைத் தார் பூசி அழித்தார்கள். மிச்சத்தை 'நீர் தேங்க விடாதீர்' என்றே வாசிக்கலாம், ஆனால் தார் பூசியதில் கண் வைக்க எல்லோருக்கும் பயம், ஒருவரும் அதை வாசிக்காமலே கடந்து போனார்கள். நுளம்பு வாசிக்காமலே பெருகியது.

இத்தனைக்கும் காரணம் ஜெயரூபிதான் என்று ஊருக்குத் தெரியும். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பறவாயில்லை. கடைப்பக்கம் வராமல் விட்டார்கள். மரக்கறிக்கடைக்காரி கூடக் கண்டும் காணாத மாதிரி முருங்கைக்காயை அடுக்கிக்கொண்டு நின்றாள். வாகனச் சத்தம் எது கேட்டாலும் ஜெயரூபி வாசலுக்கு வந்து பார்ப்பாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கேற்றடியிலேயே நின்றுவிடுவாள், திரும்பிப் போனால் பிள்ளை காணாமல் போய்விடும் போல ஒரு பயம்.

அந்தக் கிழமைதான் தேடுதல் தொடங்கியது. சுமன் எங்கும் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் இல்லை என்று தனித்தனியாக உறுதிப்படுத்த வேண்டும் என்று பணிப்பாளர் கட்டளையிட்டார். சும்மா சொல்லக்கூடாது, உழைத்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பசளைக் களஞ்சியத்தில் மூட்டை மூட்டையாகப் புரட்டினார்கள். பாலை மரப் பொந்துகளுக்குள் டோர்ச் அடித்தார்கள். குளத்தில் இறங்கித் தாமரையை விலக்கிப் பார்த்தார்கள். பார்த்து முடித்த இடத்தில் எல்லாம் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டினார்கள்: 'சுமன் இங்கு இல்லை. உறுதிப்படுத்தப்பட்டது.'

கேற்றில், மதகில், சலூன் கண்ணாடியில், பஸ்ஸின் பின்பக்கத்தில், புளியங்குளம் வரைக்கும் அந்தத் துண்டு போனது. ஒரு பனரில் மட்டும் இருந்த பொடியனின் பெயர் இப்போது மாவட்டத்தில் இல்லாத இடமில்லை. இதைப் பணிப்பாளருக்கு எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அடுத்த விசாரணைக்கு ஜெயரூபியைக் கூப்பிட்டு ஒரு மூலையில் இருத்தினார்கள். சொல்லின் பொருளும் பிறப்பும் ஆராய்வதற்காக ஐயாத்துரைப் பண்டிதர் வரவழைக்கப்பட்டிருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஓய்வூதியம் நிற்கக்கூடாதே என்ற பயத்தில் சால்வையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வடமொழியில் சர்வவியாபி என்பார்கள்," என்று தொடங்கினார் பண்டிதர். "சர்வம் என்றால் எல்லாம். வியாபித்தல் என்றால் பரந்து நிறைதல். ஆனால் நம்முடைய சொல் வேறு வழியில் பிறந்தது. எங்கு என்பது எந்த இடம் என்று கேட்கிற வினாச்சொல். அதோடு உம் சேர்ந்தால் எங்கும். எல்லா இடமும் என்று பொருள்."

பணிப்பாளரின் பேனா நின்றது. "அதாவது, இந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வி மறைத்து வைக்கப்பட்டுள்ளது."

"மறைத்து வைக்கவில்லை சேர். அது தொடக்கத்திலிருந்தே..."

"எங்கே என்ற கேள்வி."

"ஓம் சேர். அதைப்போல யார் என்ற கேள்வியிலிருந்து யாரும் வரும். எந்த நாள் எனக் கேட்கும் 'என்று' என்பதிலிருந்து என்றும் வரும்."

பணிப்பாளர் எழும்பிவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "யார், எங்கே, என்று. இவை எமது காரியாலயத்தின் கேள்விகள்! இவற்றைக் கேட்பதற்கென்றே எமக்குச் சம்பளம் தரப்படுகிறது. பொதுமக்கள் இவற்றைத் தமது நாளாந்தப் பேச்சுக்குள் எப்படிக் கொண்டுபோனார்கள்? எப்போதிருந்து இந்தக் களவு நடக்கிறது?"

"ஒரு ரண்டாயிரம் வருசமாக சேர்," என்றார் பண்டிதர் நடுங்கிக்கொண்டு.

"அப்படியானால் நாம் மிகவும் பிந்திவிட்டோம்," என்று பணிப்பாளர் கவலையோடு திரும்பக் கதிரையில் இருந்தார். பிறகு ஜெயரூபியின் பக்கம் திரும்பினார். "அம்மணி, இந்தப் பனர் வாழ்த்து அல்ல. இந்தக் காரியாலயத்தை நோக்கி யாரோ கேட்ட கேள்வி. வெள்ளிக்கிழமை காலை அந்தச் சுமன் என்பவரை இங்கு நேரில் அழைத்து வாருங்கள். வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரத்தோடு. தவறினால் பனர் அடிக்கக் கொடுத்தவரின் பெயரைத் தாருங்கள். இரண்டும் இல்லையெனில் கடை மூடப்படும். உங்களை மேலிடத்துக்கு அனுப்பி வைப்போம். அங்கே சற்று நீண்ட கதை இருக்கும்."

வெளியே வந்து மதகில் இருந்தாள் ஜெயரூபி. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அவனைத் தரச் சொல்லித்தானே அந்த மனுசி இத்தனை வருசமாக ஒவ்வொரு வாசலாய்ப் போய்க் கேட்டாள். இப்போது அவனைக் கொண்டு வரச் சொல்லி இவளைக் கேட்கிறார்கள். போன் எடுத்துக் கட்டாரில் இருக்கும் புருசனுக்குச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "பெயரைக் குடுத்திட்டு வா ரூபி. எங்களுக்கு ஒரு பெட்டைப்பிள்ளை இருக்கு," என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

வியாழக்கிழமை அவள் விசுவமடுவுக்குப் பஸ் ஏறினாள். பெயரைக் கொடுப்பதற்கு முன்னம் கிழவியை எங்காவது ஒளிந்துகொள்ளச் சொல்ல வேண்டும், வவுனியாவில் சொந்தக்காரர் இருந்தால் ஏற்றி விட்டுவிட வேண்டும் என்று யோசனை. ஒளித்து வைத்துவிட்டுக் காட்டிக் கொடுத்தால் பாதிப் பாவம்தானே என்று மனம் கணக்குப் பார்த்தது.

பேச்சியம்மா வாசலிலேயே நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஜெயரூபி கண்டதில்லை.

"வா புள்ள, வா. பாத்தியா இதை?" என்று கேற்றில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டைக் காட்டினாள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு வாசிச்சுச் சொன்னிச்சு. எம் மகன் பேரு! அவனைத் தேடுறாங்களாம்! கெவுருமெண்டுலயே தேடுறாங்களாம்!"

"அம்மா, இது அந்த மாதிரித் தேடுறதில்லை..."

"ஒட்ட வந்த தம்பி என் கட்டிலுக்கு அடியிலகூடப் பாத்திச்சு புள்ள. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். நீ யாரு, அவனுக்கு என்ன வேணும்னு ஒண்ணும் கேக்கல. தேடுறதுலயே அவ்வளவு கவனம். இத்தனை வருசமா நான் ஒருத்திதானே தேடுனேன். ஒருத்தியா எவ்வளவு எடம் பாக்க முடியும் சொல்லு? இப்ப அவுங்க பாக்குறாங்க. கெணறு கெணறா பாக்குறாங்களாம்."

ஜெயரூபி கிழவியைத் திண்ணையில் இருத்தினாள். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பனர், விசாரணை, நாளைக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது, வவுனியாவுக்குப் போகலாம் என்பது. பேச்சியம்மா எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத ஒரு சேலையை எடுத்தாள்.

"எதுக்கு ஒளியணும்? அவனைப் பத்தித் தெரிஞ்சவ நாந்தானே. தேடுறவுங்களுக்கு நான் போய்ச் சொல்லலன்னா எப்படி? நாளைக்கு நானும் வாறேன்."

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான் புள்ள. எங்க அவன் ஏதாவது கெணத்துல கெடைச்சிருவானோன்னு."

வெள்ளிக்கிழமை சுமுகத்தின் மண்டபம் நிறைந்திருந்தது. சொல்லின் மீதான தீர்ப்பு என்பதால் ஊரிலுள்ள சங்கங்களையெல்லாம் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். கைதட்டுவதற்கு ஆள் வேண்டுமே. ஜெயரூபி முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் மடிப்புச் சேலையோடு பேச்சியம்மா. யார் இந்தக் கிழவி என்று தயாபரன் கேட்கவில்லை. கிழவிகள் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்கள்.

பணிப்பாளர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. எங்கும் இருப்பவர் யார் என்ற குழப்பம் அண்மையில் சிலரால் தோற்றுவிக்கப்பட்டது. ஆகவே தெளிவுபடுத்துகிறேன். எங்கும் இருப்பது எமது காரியாலயம் மாத்திரமே. இன்று மட்டுமல்ல. எமது கொள்கைப்படி இக்காரியாலயம் திறக்கப்படுவதற்கு முன்னரும் அது எங்கும் இருந்தது. திறப்பு விழா என்பது ஒரு ரிபன் வெட்டு மாத்திரமே. இந்த மண்ணில் ஓர் இலை விழுந்திருந்தால் அவ்விடத்தில் நாம் நின்றோம். ஒரு குழந்தை அழுதிருந்தால் அதனைக் குறித்துக்கொண்டோம். எமக்குத் தெரியாமல் இங்கு ஒருவர் வந்ததுமில்லை, போனதுமில்லை. ஆகவே எங்கும் நிறைந்த என்ற சொல்லின் பிறப்பிடம் இக்காரியாலயம். வதிவிடமும் இக்காரியாலயமே!"

தயாபரன் கைதட்டினான். மண்டபம் முழுக்கப் பயந்து பயந்து தட்டியது. ஜெயரூபியும் தட்டினாள். தட்டி ஓய்ந்தபோது பேச்சியம்மா எழும்பி நின்றுகொண்டிருந்தாள். கையைக் கூப்பியிருந்தாள்.

"சாமி மாதிரிப் பேசுனீங்க ஐயா. மனசு நெறைஞ்சிருச்சு. நாந்தான் சுமனோட அம்மா. அந்தப் பனரு நாந்தான் அடிக்கக் குடுத்தேன். இந்தப் புள்ள மேல தப்பில்ல."

தயாபரன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தான்.

"அப்ப அன்னைக்கும் நீங்க அங்க நின்னீங்க, இல்லீங்களா?"

"என்றைக்கு?" என்றார் பணிப்பாளர்.

"அவனை பஸ்ஸுல ஏத்துன அன்னைக்கு. பாலம் தாண்டி முள்ளுக்கம்பி போட்டிருந்த எடம். பச்சைக் கலரு பஸ்ஸு. ஜன்னல் பக்கம் உக்காந்துகிட்டு எனக்குக் கையக் காட்டுனான். நான் பின்னாலயே ஓடுனேன். தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தான், குடுக்க விடல. நீங்கதான் எல்லா எடத்துலயும் நிக்கிறவுங்க. பஸ்ஸுக்குள்ளயும் நின்னிருப்பீங்க. எறக்குன எடத்துலயும் நின்னிருப்பீங்க. எங்கய்யா எறக்குனீங்க?"

பணிப்பாளர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். குடிக்கவில்லை. மூடினார். "குறித்த தினத்தில்... குறித்த இடத்தில்... எமது காரியாலயம் பிரசன்னமாக இருக்கவில்லை."

"அப்ப தொறக்குறதுக்கு முன்னாடியே எங்கயும் நின்னோம்னீங்களே..."

"இருக்கவில்லை என்றேன்."

பண்டிதர் ஐயாத்துரைக்கு இலக்கணம் தெரிந்த அளவுக்கு இங்கிதம் தெரியாது. "அப்படிச் சொல்லேலாது சேர்," என்றார். "எங்கும் என்றால் ஓரிடமும் விடுபடக் கூடாது. ஓரிடம் விட்டாலும் அந்தச் சொல் உங்களுக்குச் செல்லாது." சொன்ன பிறகுதான் ஓய்வூதியம் நினைவு வந்து சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தயாபரன், இந்த அம்மணியை வெளியே அழைத்துச் செல்லவும்."

தயாபரன் இரண்டடி வந்தான். ஜெயரூபியின் கண்முன்னே மகளின் முகம் வந்தது, பளைக்குப் போகிற பஸ் வந்தது. இருக்கச் சொன்ன கால் எழும்பிவிட்டது. எழும்பி பேச்சியம்மாவுக்கு முன்னால் நின்றதும் அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"சேர்," என்றாள். "சுமனைக் கூட்டிக்கொண்டு வா எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள். அவாவும் அதைத்தான் உங்களிட்டைக் கேக்கிறா. வேற ஒண்டும் கேக்கேல்லை."

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் எழும்பிப் போகவும் இல்லை. எல்லோரும் பணிப்பாளரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவரைப் பார்க்கிற வேலையை அந்த மாவட்டத்தில் அன்றுவரை ஒருவரும் செய்ததில்லை. அவருக்கு அது பழக்கமில்லை. அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "ஆம், ஆம், உடனடியாக," என்று சொல்லிக்கொண்டே பக்கக் கதவால் போனார். அவரைத் தேடிக்கொண்டு அவருடைய உதவியாளர் போனார். மோட்டர்சைக்கிளை வெயிலில் விட்டுவிட்டேன் என்று தயாபரன் போனான். சுமுகத்து ஆட்கள் ஒவ்வொருவராக ஒவ்வொரு கதவால் கழன்றார்கள். கொஞ்ச நேரத்தில் மேடையில் ஒலிவாங்கியும் ஒரு வெறும் கதிரையும் மட்டும் கிடந்தன.

சனம் மெல்ல மெல்லக் கலைந்தது. போகிற போக்கில் மரக்கறிக்கடைக்காரி ஜெயரூபியின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். பயம் போகவில்லை. இனித்தான் இருக்கிறது என்று ஜெயரூபிக்குத் தெரியும். நாளைக்குக் கடைக்குப் பூட்டு விழலாம், ஆள் வரலாம்.

"வாங்கோம்மா, போவம். இனி ஒருத்தரும் வராயினம்," என்றாள்.

பேச்சியம்மா மேடையில் ஏறி அந்த வெறும் கதிரைக்கு எதிரே தரையில் இருந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

"நீ போ புள்ள, பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்துரும். நான் இருக்கேன். எல்லா எடத்துலயும் இருக்கிறவுங்கதானே. இங்க வராம எங்க போயிருவாங்க?"